குச்சிக்காரர் அளந்த எண்ணெய்

எங்கள் ஷெட்டில் அவரைக் குச்சிக்காரர் என்றுதான் சொல்வார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீள இரும்புக் குச்சி உண்டு. நுனியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்தக் குச்சியை அவரைத் தவிர வேறு யாரும் உருவக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். அவர் எனக்கு அக்கா புருஷன். நான் அதே ஷெட்டில் வேன் ஓட்டுகிறேன். மச்சினியாக இருந்தும் அவர் என்னை ஒரு நாளும் குச்சியைத் தொட விட்டதில்லை.

ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும்தான் எங்கள் வேன்களின் வேலை. காலையில் முதல் வண்டி கிளம்பும் முன் மாமா வந்துவிடுவார். இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் முழுக்க அடியில் இறங்கியிருக்கும், அப்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு என்பார். தோளில் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட், கை துடைக்கிற துணிக்கழிவு. குச்சியை உருவுவார், துடைப்பார், மறுபடி விடுவார், மறுபடி உருவுவார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "ம்" என்றால் போகலாம். "ம்ஹும்" என்றால் எண்ணெய் கேன் வரும். இந்த இரண்டு சொல்லுக்கு மேல் காலையில் அவர் வாயிலிருந்து எதுவும் வராது.

"வீட்ல தண்ணித் தொட்டியிலயும் குச்சி விட்டுத்தான் பாப்பாராமே?" என்று டிரைவர்கள் என்னிடம் கேட்பார்கள். அதை நான் அவரிடமே போட்டுக் கொடுப்பேன்.

"தொட்டிக்கு எதுக்குக் குச்சி? உங்கக்கா கோபத்த அளக்க ஒண்ணு இருந்தாச் சொல்லு, வாங்கிக்கறேன்" என்பார்.

சிரிக்கத் தெரிந்த மனிதர்தான். ஆனால் எண்ணெய் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. எண்ணெய் குறைந்த எஞ்சின் சத்தம் போடாமல் சாகும், அதுதான் அதில் ஆபத்து என்பார். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அது அறுந்தால் பேரிங் தேயும், கிராங்கில் கோடு விழும், அப்புறம் ஒரு நாள் ஏற்றத்தில் எல்லாம் சேர்ந்து இறுகிப்போகும். புதிதாகச் சேரும் டிரைவர் எவராக இருந்தாலும் இந்தப் பாடத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். "சமதரையில நிறுத்திட்டுத்தான் குச்சியப் பாக்கணும்." எங்கள் ஷெட் அந்தக் காலத்தில் வெறும் மண் தரை, பலகை மாதிரி சமம். அதனால் அந்த வரியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னவரும்தான்.

பிறகு முதலாளி தரைக்குக் கான்கிரீட் போட்டார். மழைக்காலத்தில் சேற்றில் புதைந்து தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அது பெரிய விடுதலை. வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக மதில் ஓரம் அகலமாக ஒரு கால்வாய் விட்டிருந்தார்கள். ஆழம் அதிகமில்லை. ஆனால் வேனை முகம் மதிலைப் பார்க்கக் கொண்டு நிறுத்தினால் முன் சக்கரம் இரண்டும் அதில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு வண்டி ஒரு அங்குலம் நகராது. டிரைவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று சொல்லி முடியாது. சக்கரத்துக்குக் கல் தேட வேண்டாம், ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம். சில நாட்களிலேயே அது பழக்கமாகிவிட்டது. சக்கரம் கால்வாயில் "டொக்"கென்று விழும் சத்தம் கேட்டால்தான் வண்டியை நிறுத்திய திருப்தி எங்களுக்கு. மாமாவும் அந்தச் சத்தம் கேட்டால் தலையாட்டுவார்.

அதற்கப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. ஷெட்டில் எண்ணெய்ச் செலவு குறைந்தது. காலையில் "ம்ஹும்" என்பதே அபூர்வமாகிவிட்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் மாமாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். மாமா அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது நானும் இருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம் கலந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாக வயிற்றுவலி வந்த பிள்ளை மாதிரி முனக ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம். பழைய எண்ணெயை இறக்கினால் அதில் மினுமினுவென்று இரும்புத் துகள். மாமா அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு வெளிறிப்போவார். எண்ணெய்தான் கலப்படம் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். கம்பெனியை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். அதுவும் போதாமல் டிரைவர்கள்மேல் பாய்ந்தார். "எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியே மிதிக்கறீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..." என்று அவர் கத்த, நாங்கள் கத்த, ஷெட் சந்தையாகிவிடும்.

எங்களில் ஒருவர் மட்டும் கத்த மாட்டார். அவருக்கு நத்தை என்று பெயர் வைத்திருந்தோம். அவ்வளவு நிதானமாக ஓட்டுவார். அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் சைக்கிள்காரன்கூட மணியடிப்பான். ஆனால் அவர் வண்டியில் வரும் பெண்கள் நின்றுகொண்டே தலை வாரிக்கொள்வார்கள், அத்தனை அலுங்காத ஓட்டம். எஞ்சினை மிதித்துக் கெடுக்கும் ஆள் என்று உலகத்தில் யாரையாவது சொல்லலாம், அவரைச் சொல்ல முடியாது.

அந்த நத்தை ஒரு நாள் மாலை வண்டியை விட்டுவிட்டு நேராக மாமாவிடம் வந்தார். பக்கத்தில் நான் என் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஏத்தம் ஏர்றப்ப எண்ணெய் லைட்டு மினுக்குதுண்ணே. திருப்பத்துலயும் ஒரு தடவ மினுக்குச்சு."

டிரைவர் முன்னால் இருக்கும் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கெல்லாம் மாமா சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது.

"காலைல நானே பாத்தேன். மேல் கோட்டுல நிக்குது" என்றார் மாமா.

"இல்லண்ணே, லைட்டு..."

"குச்சி பொய் சொல்லுமா, லைட்டு பொய் சொல்லுமா? லைட்டோட சுவிட்ச் போயிருக்கும். வாங்கி மாத்திடறேன். அதுவரைக்கும் அந்த லைட்டப் பாக்காத. நீ பாட்டுக்கு ஓட்டு."

நத்தை தலையை ஆட்டிவிட்டுப் போனார். புது சுவிட்ச் வரவில்லை. அதற்குள் ஒரு காலை, ஆள் நிறைந்த வண்டியோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் பாதி செத்துவிடும். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நத்தை பல்லைக் கடித்து ஸ்டியரிங்கை ஒடித்து மண்மேட்டில் பின்பக்கத்தை மோதி நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வேறு ஷெட்டாக இருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

எங்கள் முதலாளி அவரையும் மாமாவையும் அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம்.

"லைட்டு எரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டார் முதலாளி.

"எரிஞ்சுதுங்க."

"எரிஞ்சும் ஏன் ஓட்டுன?"

நத்தை மாமாவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மாமா அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. நானும் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எண்ணெய் ஃபுல்லா இருந்துச்சு முதலாளி. காலைல நானே பாத்தேன்" என்றார் மாமா. அதோடு நிறுத்திக்கொண்டார்.

அது பொய்யில்லை. அவர் அறிந்த உண்மை அதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. எண்ணெய் இருந்தும் எஞ்சின் போனதென்றால் தப்பு ஓட்டியவனுடையதுதானே? நத்தை குனிந்து தரையைப் பார்த்தார். வேலை போயிற்று. எங்கள் தொழிலில் வேலை போனால் இன்னொரு ஷெட் கிடைக்கும். "எஞ்சின் அடித்தவன்" என்று பெயர் வந்துவிட்டால் எந்த ஷெட்டிலும் சாவி கொடுக்க மாட்டார்கள். அவர் கேட்டுப் போன இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் மாமாவைக் கேட்டேன். "லைட்டப் பாக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எண்ணெய் இருந்துச்சுல்ல? அவன் வேற ஏதோ பண்ணியிருக்கான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அக்கா வீட்டுக்குப் போவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டேன்.

உண்மை ஒரு கொத்தனார் ரூபத்தில் வந்தது. கால்வாயில் என் வண்டி நிற்கும் இடத்துக்கு நேரே கரை உடைந்திருந்தது. கொத்தனார் அதைப் பூசிவிட்டு, ஈரம் காயும்வரை யாரும் சக்கரத்தை இறக்காதீர்கள் என்று கல்லை அடுக்கி வைத்திருந்தார். நான் கொஞ்சம் பின்னால் தள்ளி, சமமான கான்கிரீட்டில் வண்டியை நிறுத்தினேன். மறுநாள் காலை மாமா குச்சியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். "ம்"மும் வரவில்லை, "ம்ஹும்"மும் வரவில்லை.

"எண்ணெய் எங்க போச்சு?" என்றார். எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னக் கேட்டா? குடிச்சிட்டேன்" என்றேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"நேத்து ஃபுல்லா இருந்துச்சு பாப்பா."

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று, வண்டியைப் பக்கத்து இடத்துக்கு மாற்றச் சொன்னார். அது நத்தையின் வண்டி நின்ற இடம். அந்த வண்டியைப் பழுதுக்கு அனுப்பியதிலிருந்து காலியாகக் கிடந்தது. நான் உள்ளே ஏற்றினேன். முன் சக்கரம் கால்வாயில் "டொக்"கென்று விழுந்தது. மாமா அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடினார். கசிவு எதுவும் இல்லை. எழுந்து வந்து, பழக்க தோஷத்தில், மறுபடியும் குச்சியை உருவினார்.

எண்ணெய் மேல் கோட்டில் நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். "பழைய இடத்துக்கு எடு" என்றார். எடுத்தேன். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். கீழே போயிருந்தது. "திரும்ப இங்க விடு" என்றார். விட்டேன். மேலே வந்திருந்தது. எங்கள் வேன்களில் குச்சி இறங்குவது எஞ்சினின் முன்பக்கத்தில். முகம் தாழ்ந்து நின்றால் எண்ணெய் முழுக்க முன்னால் வந்து குச்சியைச் சுற்றித் தேங்கிக்கொள்கிறது. ரோட்டில் ஏற்றம் வந்தால் அதே எண்ணெய் பம்புக்கு எட்டாமல் பின்னால் ஓடிவிடுகிறது. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து அத்தனை வண்டிகளும் அரைப் பட்டினியில் ஓடியிருக்கின்றன. மினுமினுத்த துகளுக்கு எண்ணெய்க் கடைக்காரரும் காரணமில்லை, எங்கள் கால்களும் காரணமில்லை. மாமா பார்த்ததெல்லாம் சரிதான், பார்த்த இடம்தான் தப்பு.

அவர் எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார். பனியன் வேஸ்ட்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் எதுவும் இல்லை.

"அவன் சொன்னான் பாப்பா. ஏத்தத்துல மினுக்குதுன்னு சொன்னான்."

எனக்குக் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

முதலாளியிடம் அன்றே போய்ச் சொன்னார். அதில் குறை சொல்ல மாட்டேன். முதலாளி வெளியே வந்து கால்வாயைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், தான் போட்ட கான்கிரீட்டைப் பார்த்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும். விடுங்க" என்றார். "கால்வாய சத்தமில்லாம மூடிடலாம். வெளிய சொன்னா உங்க பேரும் போகும், என் பேரும் போகும். போனவன் போயிட்டான், அவனும் எங்கயாவது பொழச்சுக்குவான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு கால்வாயையே சிமெண்டில் மறைத்தார். மாமா வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதன்பிறகு எல்லா வண்டிக்கும் எண்ணெய் சரியாக ஊற்றினார். ஆனால் நத்தையின் பெயரை எடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழியைச் சுமந்தவர் எங்கேயோ இருக்க, பாவத்தைச் சுமந்தவர் அக்கா வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போனார். அக்கா எனக்கு ஆள் அனுப்பினாள்.

"என்னன்னு கேளுடி. எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கறார். உடம்புக்கு ஏதாவதோன்னு பயமா இருக்கு."

நான் அக்கா முன்னாலேயே கேட்டேன். "நீங்க சொல்றீங்களா, இல்ல நாளைக்குக் காலைல எல்லார் முன்னாலயும் நான் சொல்லட்டுமா?"

"இத்தன வருஷமா ஒருத்தரையும் குச்சியத் தொட விடல. இப்பப் போய், எனக்கே பாக்கத் தெரியலன்னு சொல்லணுமா?" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா. விஷயம் முழுசாகத் தெரியாமலே சொன்னாள். அவளுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

மறுநாள் டிரைவர்கள் எல்லோரும் வண்டி எடுக்கும் முன் மாமா நடுவில் நின்று சொன்னார். கால்வாயைச் சொன்னார், குச்சியைச் சொன்னார், லைட்டைப் பார்க்காதே என்று நத்தையிடம் தான் சொன்னதையும் சொன்னார். ஒருவரும் கேலி செய்யவில்லை. முதலாளி அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நத்தை வராம நாங்க வண்டி எடுக்க மாட்டோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆலை ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு வேறு வழியில்லை. கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை நானும் மாமாவும் நத்தை வீட்டுக்குப் போனோம். ஒரே அறை. மூலையில் சுமை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு கிடந்தது. கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறாராம். அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நத்தை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பண்ணலயா?" என்றார்.

"இல்லடா."

"நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்ணே. கியர் தப்பாப் போட்டனோ, ஏத்தத்துல ரொம்ப இழுத்துட்டனோ... படுத்தா அதேதான் ஓடும். வண்டி நெறைய ஆளு. பின்னால உருளுது."

"லைட்டப் பாக்காதன்னு நான் சொன்னத அன்னைக்கே ஏண்டா சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தானேண்ணே இருக்கும்?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். என் அக்கா கல்யாணத்திலிருந்து அவரைப் பார்க்கிறேன், அவர் அழுது பார்த்தது அன்றுதான். நத்தையின் மனைவி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

நத்தை மறுநாள் வந்தார். எஞ்சின் பழுது பார்த்து வந்த அவருடைய வண்டியே காத்திருந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். மாமா குச்சியை உருவவில்லை. தோளிலிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து நத்தையின் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றார். நத்தை உருவினார், துடைத்தார், விட்டார், மறுபடி உருவிப் பார்த்தார்.

"ஃபுல்லா இருக்கு" என்றார்.

ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லா வண்டியிலும் எரிவதுதான். இன்னும் கொஞ்சம் திருப்பினால் எஞ்சின் ஓடும், விளக்கு அணையும். அவர் கை அங்கேயே நின்றது. சாவியைப் பின்னால் திருப்பினார். மறுபடி திருப்பினார். விளக்கு எரிந்தது. சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"என்னடா? எண்ணெய்தான் ஃபுல்லா இருக்கே, நீயே பாத்தியே" என்றார் மாமா.

"அன்னைக்கும் ஃபுல்லாத்தானேண்ணே இருந்துச்சு" என்றார் நத்தை.

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். மாமா பேனட்டை மூடினார்.

நத்தை எங்கள் ஷெட்டில்தான் இருக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை. அந்த வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். காலையில் எண்ணெய் பார்ப்பது இப்போது நத்தையின் வேலை. மாமா கேனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். பார்த்து முடித்ததும் நத்தை போய்விட மாட்டார். என் ஜன்னல் பக்கம் வந்து, நான் சாவியைத் திருப்பும்வரை நின்று, தலையை உள்ளே நீட்டி அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அணைஞ்சிடுச்சு. நீ போம்மா" என்பார். பிறகு அடுத்த வண்டிக்குப் போவார்.